கை இறக்காதவன்

ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு எங்கள் பாஸ் இரண்டு பேரை எடுப்பார். தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். முடிவில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார். இந்தப் பழக்கம் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரிகள் வைத்து நடத்தியவர். ஒவ்வொரு லோரிக்கும் இரண்டு டிரைவர்களை அமர்த்திவிட்டு, யார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம். மகன் படித்தவர். லோரிகளை விற்றுவிட்டு, குளிர்சாதனக் கொள்கலன்களுக்குள் வெப்பத்தைக் கண்காணிக்கும் பெட்டி செய்ய வந்தார். டிரைவர்கள் இருந்த இடத்தில் எஞ்சினியர்கள் வந்தோம். வேடிக்கை மட்டும் மாறவில்லை.

கிள்ளானில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாளிலேயே அவனும் சேர்ந்தான். புதியவன் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். காலையில் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளான் வந்து இறங்குவான். நான் ஸ்டேஷன் வாசலில் காரோடு நிற்பேன். ஒரே ஒரு நிரந்தர வேலைக்குத்தான் இரண்டு பேரையும் எடுத்திருக்கிறார்கள் என்பது முதல் வாரமே இருவருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டோம். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவருக்கு விருந்து வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவ்வளவு முட்டாளாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

எனக்கு அந்த வேலைதான் வேண்டும். வேறு எங்கேயும் போக முடியாது. காரணம் அம்மா. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த டயாலிசிஸ் நிலையம் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த கடை வரிசையில் இருந்தது. காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். மதிய உணவு நேரத்தில் போய் அழைத்துக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். வேறு ஊரில் வேலை என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். நிலையத்தை மாற்றவும் முடியாது. அங்கே ஒரு நாற்காலி காலியாக வேண்டும் என்றால் அதில் உட்கார்ந்திருந்தவர் போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்கு நாற்காலி கிடைத்ததும் அப்படித்தான். அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், சொல்வதற்கென்ன.

இதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கூட்டம் நீண்டுவிட்ட நாட்களில் என் கார் சாவியை எடுத்துக்கொண்டு அவன்தான் போய் அம்மாவை அழைத்து வருவான். ஊசி குத்திய கையில் படாமல் மறுபக்கமாகத் தாங்கி ஏற்றுவான். தான் வாயில் வைக்கக் கூடாத கருவாட்டுக் குழம்பை அவனுக்காகவே காய்ச்சிக் கொடுத்து அனுப்புவாள் அம்மா. நம்ம தம்பி, நம்ம தம்பி என்றுதான் பேச்சு.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு போர்டு. அதில் இரண்டு புரோசசர். ஒன்று என்னுடையது: வெப்பம் எவ்வளவு என்று சென்சரைக் கேட்டு, நினைவுச் சிப்பில் எழுதிவைக்கும், வெப்பம் ஏறினால் விளக்கும் சைரனும் போட்டு எச்சரிக்கும். இன்னொன்று அவனுடையது: எழுதி வைத்ததை நினைவுச் சிப்பிலிருந்து படித்து, கைப்பேசி அலை வழியாக அலுவலகத்துக்கு அனுப்பும். சென்சரும் நினைவுச் சிப்பும் ஒரே ஜோடிக் கம்பியில்தான் தொங்குகின்றன. எங்கள் தொழிலில் அந்த ஜோடிக்கு பஸ் என்று பெயர். இரண்டு புரோசசருக்கும் சேர்த்து ஒரே பஸ். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் பேசலாம். இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பி யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆளுக்கொரு பஸ் வைத்திருக்கலாம். போர்டில் அதற்கு இடம் இருந்தது. ஒன்றே போதும், பகிர்ந்துகொள்ளுங்கள் என்று பாஸ் சொல்லிவிட்டார்.

எப்படிப் பகிர்வது என்று நாங்கள் முடிவு செய்தது ஒரு மதியம், இழுத்து ஆற்றிய தேநீர் விற்கும் தே தாரேக் கடையில். மேசையில் சிந்தியிருந்த தண்ணீரில் அவன் விரலால் வரைந்து காட்டினான். இரண்டு புரோசசருக்கும் நடுவே கூடுதலாக இரண்டு கம்பிகள். ஒன்று என் கை, மற்றது அவன் கை. பஸ் வேண்டும் என்றால் முதலில் கையைத் தூக்க வேண்டும். பிறகு அடுத்தவர் கையைப் பார்க்க வேண்டும். அது கீழே இருந்தால் பஸ் நமக்கு. மேலே இருந்தால் நாம் இறக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உடனே கையை இறக்கிவிட வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் தூக்கிவிட்டால் யார் இறக்குவது என்று கேட்டேன். "நான் எறக்கிக்கிறேன். பொம்பளைங்க மொதல்ல லா" என்றான். சிரித்தேன்.

ரொம்ப நேரம் காத்திருந்தும் பஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசினோம். காத்திருந்த புரோசசர், பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பிழையைப் பதிவு செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. அதில் என் தலைக்கே உலை இருப்பது அப்போது தோன்றவில்லை. பஸ்ஸைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு எந்தப் பிழையும் வராது. அவன் வேலை ஜோராக நடந்துகொண்டிருக்கும். காத்திருந்தவன் பெயரில்தான் பிழை விழும்.

சோதனை ஆரம்பமானதும் பாஸ் எங்கள் மேசைக்கு எதிரே சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். இடது பக்கம் என் புரோசசரின் பிழைகள், வலது பக்கம் அவனுடையவை. பிழை என்றால் சிவப்பு வரி, இல்லையென்றால் பச்சை. காலையில் காப்பிக் குவளையோடு வந்து அதன் முன் நிற்பார். தொழிற்சாலையில் எல்லாரும், போர்டுகளில் பாகங்களைப் பற்றவைக்கும் பெண்களிலிருந்து பாதுகாவலர் வரைக்கும், போகும்போதும் வரும்போதும் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் பச்சைதான். பிறகு என் பக்கம் சிவக்க ஆரம்பித்தது.

"என்னம்மா, ஒங்க பக்கம் மட்டும் தீபாவளியா இருக்கு" என்றார் பாஸ், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. சிலர் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

தப்பு என்னுடையது என்றுதான் நம்பினேன். நம்புவதற்கு அத்தனை பேர் உதவினார்கள். என் நிரலை வரி வரியாகப் படித்தேன். சென்சரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், போர்டையே மாற்றினேன். வீட்டில் அம்மா பேசினால் எரிந்து விழுந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நிரலில் என்னோடு சேர்ந்து தேடினான். இந்த இடத்தைப் பாரேன், அந்த இடத்தைப் பாரேன் என்று அக்கறையாகச் சொன்னான். ஒரு நாள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று தைலம்கூட வாங்கி வந்து கொடுத்தான். இன்றைக்கும் அந்தத் தைல வாசனை எங்கேயாவது வந்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வாயில் வருகிறது.

கடைசியில் செய்தது மிகச் சின்ன காரியம். அலைகளைப் படம் பிடித்துக் காட்டும் கருவியை பஸ்ஸில் மட்டும் மாட்டாமல், எங்கள் இரண்டு கைக் கம்பிகளிலும் மாட்டினேன். அதுவரை அதைச் செய்யாததற்குக் காரணம், அந்தக் கம்பிகளை நான் சந்தேகப்படவே இல்லை. அவை நாங்கள் பேசி வைத்துக்கொண்டவை. திரையில் என் கை ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. கடன் கேட்க வந்தவள் வாசலில் தயங்குவது போல இருந்தது. அவன் கை ஏறினது ஏறினபடியே நிற்கிறது. சரி, பஸ்ஸில் ஏதோ பெரிய வேலை செய்கிறான் என்றால் அதுவும் இல்லை. பஸ் சும்மா கிடக்கிறது. யாருமே பேசவில்லை. நினைவுச் சிப்பைப் படித்து முடித்துவிட்டான். படித்ததை வெளியே அனுப்புகிறான். அனுப்பி முடிந்து பதில் வரும்வரை கையை இறக்கவில்லை. அனுப்புவதற்கும் பஸ்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கையில் பிடித்தே வைத்திருந்தால் அடுத்த தடவை கேட்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. அவன் பக்கத்துச் செய்திகள் பறந்தன. பாஸ் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை என் மடிக்கணினியில் சேமித்துக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அவன் வழக்கமாகச் சாப்பிடும் வாழை இலைக் கடையிலேயே அவனைப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. ஏன் கையை இறக்கவில்லை என்று கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"நீயும் பிடிச்சு வெச்சிக்க வேண்டியதுதானே. ஒன் கைய யாரு கட்டிப் போட்டா?"

அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வேலை நிரந்தரமா என்று பெண் வீட்டில் கேட்கிறார்களாம். அதை ஏதோ எனக்குத் தெரியாத செய்தி போல விளக்கினான். நான் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கிள்ளானை விட்டு நான் போக முடியாது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் லா. அதான் ஒன்கிட்ட சொல்லல" என்றான்.

சொல்லிவிட்டு இலையை மடித்தான். நான் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது, கொள்கலன் யார்டில் சிக்னல் இல்லாவிட்டால் உன் கை இறங்கவே இறங்காது, அப்புறம் என்னால் சென்சரைக் கேட்கவே முடியாது, யோசித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். யார்டில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

திங்கட்கிழமை சீக்கிரமாகப் போய், அவன் சொன்னதை நானும் செய்து பார்த்தேன். என் நிரலில் ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும். என் புரோசசரும் தூக்கிய கையை இறக்காது. பெட்டியை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் மேலே நின்றன. இரண்டு பேரும் மற்றவர் இறக்கட்டும் என்று நிற்க, பெட்டி செத்துப் போய்விட்டது. டிவியில் இரண்டு பக்கமும் சிவப்பு. பார்க்க அத்தனை திருப்தியாக இருந்தது. பாஸ் வருவதற்குள் பழையபடி மாற்றிவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. இரண்டு பக்கமும் சிவந்தால் அவர் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வேறு இரண்டு பேரை எடுப்பார். எனக்கு வேலை வேண்டும்.

அதனால் வளைந்து கொடுத்தேன். என் புரோசசரை இன்னும் பொறுமையாகக் காத்திருக்க வைத்தேன். பஸ் கிடைத்த சின்ன இடைவெளியில் அள்ளிக்கொள்கிற மாதிரி எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்த நிரல் அதுதான், சிவப்பு குறைந்தது. குறைந்ததைப் பார்த்ததும் அவன் இன்னும் பெரிய செய்திகளாக அனுப்ப ஆரம்பித்தான். நான் எவ்வளவு விட்டுக்கொடுத்தேனோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டான். காலையில் ஸ்டேஷனில் அவனை ஏற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். ஏன் தம்பி வருவதில்லை என்று அம்மா கேட்டாள். அவனுக்கு வேலை அதிகம் என்றேன்.

போர்ட் கிள்ளான் யார்டு ஒன்றில் சில கொள்கலன்களில் பெட்டியைப் பொருத்திப் பார்க்க வாடிக்கையாளர் ஒருவர் சம்மதித்தார். மீன் வியாபாரி. உறைந்த இறால் வரவழைப்பவர். கொள்கலன்களை அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நாலு பக்கமும் இரும்பு. நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கொள்கலனில் அலையே இல்லை. அதற்குள் இருந்த பெட்டியில் அவன் புரோசசர் கையைத் தூக்கியது, படித்தது, அனுப்பியது, போகவில்லை. மறுபடி அனுப்பியது, போகவில்லை. கையை இறக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து கொள்கலனின் குளிர்சாதனம் நின்றுவிட்டது. அது நின்று வெப்பம் ஏறினால் கொள்கலனுக்கு வெளியே ஒரு விளக்கு எரிந்து, சைரன் அலறி, யார்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் பெட்டியே. ஆனால் என் புரோசசர் சென்சரிடம் வெப்பம் எவ்வளவு என்று கேட்டால்தானே அலற முடியும். அது கை தூக்கிப் பார்த்தது, இறக்கிக்கொண்டது. இறால் முழுவதும் அழுகும்வரை மரியாதையாகக் காத்திருந்தது.

மீன் வியாபாரி ஒரு பிளாஸ்டிக் பையில் இறாலை அள்ளிக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். சட்டை வரைக்கும் நாற்றம். பாஸிடம் கத்தினார். வெப்பம் யார் பொறுப்பு என்று கேட்டார். பாஸ் என் பக்கம் கையைக் காட்டினார். அவர் நேரே வந்து பையை என் மேசையில், விசைப்பலகையின் மேலேயே, கவிழ்த்தார். இடுக்குகளில் தண்ணீர் இறங்கியது. கழற்றிக் கொண்டுவந்த பெட்டியின் பிழைகளை அதற்குள் யாரோ டிவியில் போட்டிருந்தார்கள். இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. வலது பக்கம் ஒரே ஒரு பச்சை வரி: அனுப்ப முயற்சி செய்கிறது. அவன் தன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குப்பைத்தொட்டியை இழுத்து வைத்துக்கொண்டு இறாலைக் கையால் அள்ளினேன். அப்போது அழுதேன். ஆத்திரத்தில்தான்.

கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியோடு பாஸ் அறைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். இது என் கை, இது அவன் கை, இது சும்மா கிடக்கும் பஸ். விளக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ் கெட்டிக்காரர். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்தது. புதிதாகப் புரிந்ததாகவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "தே தாரேக் கடையில நீங்க ரெண்டு பேரும் கை தூக்கி வெளையாடலாம்னு பேசிக்கிட்டது, அவன் எறக்காம வெச்சிருக்கறது, எல்லாம் தெரியும். பாத்துகிட்டுதான் இருந்தேன்."

தெரிந்தால் ஏன் அவனைக் கேட்கவில்லை என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அப்பாவின் யார்டைப் பற்றி ஆரம்பித்தார். ஒரு லோரி, இரண்டு டிரைவர். ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நேரத்துக்குத் திரும்ப மாட்டான். கூட இரண்டு நடை அடித்துவிட்டுத்தான் வருவான். மற்றவன் யார்டில் நின்றுகொண்டு, அவன் வரவில்லை, வண்டி தரவில்லை என்று அப்பாவிடம் அழுவான்.

"அப்பா யார நிப்பாட்டுவாருன்னு நெனைக்கிற? நின்னுகிட்டு இருந்தவனத்தான். வண்டி ஓட்டாத டிரைவருக்கு எதுக்கும்மா லோரி?"

இறால் அழுகினதே என்றேன். அது அழுகினதால்தான் முடிவு எடுக்க வசதியாக இருக்கிறது என்றார். வாடிக்கையாளருக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டும். டிவியில் என் பக்கம்தான் சிவந்திருக்கிறது. அவனைப் பற்றி யாரும் வந்து குறை சொன்னதில்லை, நான் ஒருத்தியைத் தவிர. என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை. எல்லாவற்றையும் பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்லும் குரலிலேயே சொன்னார். அம்மாவைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. அவரே எடுத்தார். டெங்கில் பக்கம் நிறைய கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன, அங்கேயும் டயாலிசிஸ் இருக்கும், விசாரித்துப் பார் என்றார். அந்த மனிதருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

டெங்கிலில்தான் வேலை கிடைத்தது, கிள்ளானிலிருந்து தள்ளி, நெடுஞ்சாலையில் போக வேண்டிய ஊர். அங்கே இருந்த நிலையத்தில் நாற்காலி இல்லை. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் இறாலையும் சொல்லவில்லை, கையையும் சொல்லவில்லை. நல்ல இடம் கிடைத்தது, மாறிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். காலையில் போகும் வழியில் அம்மாவை நிலையத்தில் இறக்கிவிடுவேன். திரும்பி அழைத்துவருவதுதான் பாடு. இயந்திரத்திலிருந்து எழுந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும், கால் நிற்காது. ஒரு தடவை டாக்சியில் ஏறியபோது கட்டு நனைந்து இருக்கையில் ரத்தம் பட்டுவிட்டது. டிரைவர் நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா டாக்சியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். நான் வேலை முடிந்து, நெரிசலைத் தாண்டி, கிள்ளான் வந்து சேரும்வரை கடை வரிசையின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் டயர் கடை. அதன் சத்தத்திலேயே தூங்கிவிடுவாள்.

அப்படி ஒரு நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் போன் செய்தான். டோல் வரிசையில் நின்றிருந்தேன். இத்தனை மாதம் ஒரு வார்த்தை கிடையாது. குரல் வேறு மாதிரி இருந்தது. கல்யாணம் ஆகிவிட்டதாம். என் இடத்தில் பாஸ் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறாராம். அந்த ஒரு நிரந்தர வேலைக்கு அவனுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை. ஆகாது போலவும் இருக்கிறதாம்.

"அவ கைய எறக்க மாட்டேங்கிறா. என் பக்கம் ஃபுல்லா செவப்பா இருக்கு. நான்தான் தப்புன்னு பாஸ் சொல்றாரு."

நான் போன பிறகு, நான் சொன்னபடியே, படித்ததும் கையை இறக்குகிற மாதிரி அவன் தன் நிரலைத் திருத்தியிருக்கிறான். அந்தத் திருத்தத்துக்காக அவனைப் பாராட்டினார்களாம். திருந்தியவன் இப்போது காத்துக்கொண்டு நிற்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தான். பிறகு கேட்டான். நான் எடுத்த அந்தப் படம் இன்னும் இருக்கிறதா? அதைக் காட்டி, முன்பும் இப்படித்தான் நடந்தது, தப்பு காத்திருப்பவர் மேல் இல்லை என்று பாஸிடம் நிரூபிக்க வேண்டுமாம். பாஸ் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர், பார்த்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"இருக்கு. கொஞ்சம் இரு, எடுத்துத் தரேன்" என்றேன்.

மடிக்கணினி பின் இருக்கையில் இருந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை அப்படியே பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, டோலைத் தாண்டி ஓட்ட ஆரம்பித்தேன். ஹலோ என்றான். கிடைச்சிடுச்சா என்றான். சத்தத்தைக் குறைத்துவிட்டேன். துண்டித்துவிட்டுப் போயிருக்கலாம்; போகவில்லை. அவனுக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. நெரிசலில் ஊர்ந்துகொண்டே அவன் காத்திருப்பதை ரசித்தேன். உண்மையிலேயே ரசித்தேன். எனக்குப் பாட்டு கேட்பது போல இருந்தது.

கிள்ளானில் நான் காரை ஐந்தடி ஓரம் நிறுத்தியபோது அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். டயர் கடைக்காரர் கொடுத்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்த் தாங்கிக்கொண்டு வந்தேன். உட்காருவதற்காக இருக்கையில் கிடந்த போனை எடுத்தவள் திரையில் அவன் படத்தைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. நான் கையை நீட்டுவதற்குள் காதில் வைத்துக்கொண்டாள்.

"யாரு, தம்பியா? நல்லா இருக்கியாப்பா?" என்றாள். அவன் என்ன சொன்னானோ, கேட்டுக்கொண்டாள். "அவ்ளோ நேரமாவா? இவ ஒன்னையும் இப்படிக் காக்க வெச்சிட்டாளா? கோச்சுக்காதப்பா. நானும் மத்தியானத்துலேருந்து இந்தப் பெஞ்சுலதான் குந்தியிருக்கேன். அவதான் என்ன செய்வா, டெங்கில்லேருந்து வரணும்ல. முன்னாடின்னா நீயாச்சும் வந்து கூட்டிட்டுப் போவ."

பிறகு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அம்மா இரண்டு தடவை தம்பி, தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கட்டாகிவிட்டது போல என்று போனை என்னிடம் நீட்டினாள். கட்டாகவில்லை. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இருந்தான், மூச்சு கேட்டது. நான்தான் அணைத்தேன்.

"பாவம், என்னவோ அவசரம் போல. என்ன கேட்டான்?" என்றாள் அம்மா.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஊசி குத்திய கையில் படாமல் அம்மாவுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டேன். மறு கை பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது. அவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நர்ஸ் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்திருக்கலாம். அவன் காத்திருப்பதை ரசிப்பதற்காக இடது ஓரப் பாதையில் மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன். அந்தப் படத்தை அவனுக்கு நான் அனுப்பவில்லை.